நாலு விரல் தூரம்

அத்தியாயம் 17

சாட்சி சொல்லப் போகிற அன்று காலையில் முனவ்வறா மூன்று சாறி மாற்றினாள். நீதிபதிக்காக அல்ல. குற்றம் சாட்டப்பட்ட எதிரியாகக் கூண்டில் நிற்கப்போகிற ஜெஸீமா தன்னை மேலும் கீழும் பார்ப்பாள் என்பதற்காக.

"உம்மா, கோட்டுக்குத்தானே போறம்? கலியாண ஊட்டுக்கா?" என்றாள் மகள் றிப்கா, கதவு நிலையில் சாய்ந்துகொண்டு.

"வாய மூடிட்டு அந்த ஊசியத் தா."

கடைசியில் கட்டியது சாம்பல் நிறச் சாறி. அதிலும் ஒரு குறை இருந்தது. இப்றாஹிம் வாங்கிக் கொடுத்தது அது. அவர் எதை வாங்கினாலும் இரண்டாக வாங்குவார், இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதிரி, ஒரே நிறம், சண்டை வரக்கூடாது என்று. இதே சாம்பல் நிறச் சாறி இன்னொன்று மருதமுனையில் ஏதோ ஒரு அலுமாரியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அதை நினைத்ததும் முனவ்வறாவுக்குச் சாறியின் பட்டுக்கரைகூட அழகு குறைந்துபோனது.

புதிதாக வந்து சேர்ந்த வாசகர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இப்றாஹிம் ஊர்காவல் படையில் இருந்தவர். முனவ்வறாவுக்கும் அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் றிப்கா. இளையவள் சஹ்மாவை ஒன்பது வயதில் சுனாமி கொண்டுபோனது. அடுத்த வருசமே இப்றாஹிம், கடலில் புருசனைப் பறிகொடுத்த ஜெஸீமாவை இரண்டாந்தாரமாக முடித்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆண்தான் குடிபோகிறவன். ஆகவே சாய்ந்தமருதில் முனவ்வறா வீட்டில் மூன்று நாள், மருதமுனைச் சுனாமி வீட்டுத் திட்டத்தில் ஜெஸீமா வீட்டில் மூன்று நாள் என்று, ஒரு சைக்கிளும் ஒரு துணிப்பையுமாகக் கல்முனையையும் பாண்டிருப்பையும் தாண்டி அந்த மனிதர் ஓடிக்கொண்டிருந்தார்.

2007 ஏப்ரலில் ஒரு காலை, கடமை முடிந்து ஜெஸீமா வீட்டுக்குப் போனவர், தன் கடமைத் துவக்காலேயே நெஞ்சில் சூடு பட்டு மவுத்தானார்.

"தன்னத் தானே சுட்டுக்கிட்டாரு" என்றாள் ஜெஸீமா. "நீதான் சுட்டாய்" என்றது பொலிஸ். முந்தின நாள் இருவருக்கும் சண்டை. "அங்கயே போய்க் கிடங்க, இஞ்ச வராதிங்க" என்று ஜெஸீமா கத்தியதை அயலவர்கள் கேட்டிருந்தார்கள். துவக்கில் அவளுடைய கைரேகை இருந்தது. நாலு மாத வயிற்றோடு மறியல் சிறைக்குப் போனவள், யுத்தம் முடிந்து ஒன்றரை வருசமாகியும் அங்கேதான் இருக்கிறாள்.

எட்டு மணிக்கு முத்தலிப் ஆட்டோவோடு வந்து இறங்கினார். இப்றாஹிமின் உடன்பிறந்த மூத்தவர். அவரும் இந்த வழக்கில் சாட்சிதான். அவருடைய மனைவியின் வீடு ஜெஸீமா வீட்டுக்கு நாலு வளவு தள்ளி. வெடிச்சத்தம் கேட்டு முதலில் ஓடிப்போனவர் அவர். நாளைக்கு அவருடைய முறை.

"முனவ்வறா, கூடக் கதைக்காத" என்றார், ஆட்டோவில் ஏறும்போது. "மனிசன் நல்லா இருந்தாரு, தொழுகை தவறாத ஆளு, உசிர மாய்க்கிற ஆளில்ல. இத மட்டும் செல்லிட்டு இறங்கு."

"வேற என்ன இரிக்கி மச்சான் செல்லுறதுக்கு?"

"ஒண்டுமில்லதான். சும்மா செல்றன்."

முனவ்வறா ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வேறு ஒன்று இருந்தது. அது அவளுக்கும் இப்றாஹிமுக்கும் மட்டும் தெரிந்தது. மூன்றரை வருசமாக அவள் அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை.

*

சாட்சிகள் உள்ளே இருக்கக்கூடாது என்று வெளியே விறாந்தை வாங்கில் உட்காரச் சொன்னார்கள். றிப்கா சாட்சியில்லாதபடியால் உள்ளே போய்விட்டாள். முனவ்வறாவுக்குப் பக்கத்து யன்னல் திறந்து கிடந்தது. உள்ளே நடப்பது முழுக்கத் தெரிந்தது. முத்தலிப் வாங்கின் மறு நுனியில் உட்கார்ந்து, தஸ்பீஹ் மணியை உருட்டத் தொடங்கினார்.

முதலில் ஜெஸீமாவைக் கொண்டுவந்தார்கள். முனவ்வறாவின் கண் வேறு எங்கும் போகவில்லை. மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஆனாலும் அந்த மூக்கும் அந்த நிமிர்ந்த கழுத்தும் அப்படியே இருந்தன. மறியல் சோறு தின்றும் அழகு போகவில்லையே என்று நினைத்தாள் முனவ்வறா. அந்த நினைப்பில் அவளுக்கே வெட்கம் வந்தது. வெட்கம் வந்தும் நினைப்பு போகவில்லை.

கொழும்பிலிருந்து வந்த துவக்கு நிபுணர் சிங்களத்தில் சொல்ல, மொழிபெயர்ப்பாளரான கோட்டு முதலியார் அதைத் தமிழில் சொன்னார். மேசையில் அந்தத் துவக்கு கிடந்தது. நீளமான ஒற்றைக் குழல். விசையில் ஒரு அட்டை கட்டித் தொங்கியது.

"குழல் வாய் நெஞ்சோடு ஒட்டியிருக்கும்போது வெடித்திருக்கிறது. சட்டையில் கருகல் வட்டம் இருக்கிறது" என்றார் முதலியார்.

"எதிரி கிட்ட நின்று, நெஞ்சில் வைத்துச் சுட்டிருக்கலாமா?" அரச சட்டத்தரணி கேட்டார்.

"சுட்டிருக்கலாம்."

"இறந்தவர் தானே சுட்டிருக்கலாமா?"

"அதற்கு அவருடைய கை விசைக்கு எட்ட வேண்டும்."

இப்றாஹிம் கட்டையான மனிதர். அவருடைய உயரத்துக்கு ஒத்த ஒரு பியோனைக் கூப்பிட்டு நிலத்தில் உட்கார வைத்தார்கள். வெறுந்துவக்கின் பிடியைச் சுவரில் முட்டக் கொடுத்து, குழல் வாயை அவனுடைய நெஞ்சில் வைத்தார்கள். பியோன் சிரிப்பும் பயமுமாகக் கையை நீட்டினான். தோளை முன்னுக்குத் தள்ளி நீட்டினான். விரல் நுனி விசைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது.

"நாலு விரல் தூரம் குறைகிறது" என்று முதலியார் அறிவித்தார்.

யன்னலுக்கு வெளியே முனவ்வறா சுவரைப் பிடித்துக்கொண்டாள். பியோனின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் வேறு ஒரு முகம் தெரிந்தது.

ஜெஸீமாவுக்காக வாதாடும் எதிரித்தரப்புச் சட்டத்தரணி கனகசிங்கம் எழும்பினார். பாண்டிருப்புக்காரர். நரைத்த மீசை, அவசரமில்லாத குரல். "கையில் ஒரு தடி இருந்தால்?"

"தடியால் தள்ளினால் விசை வேலை செய்யும்."

உடனே அரச சட்டத்தரணி எழும்பிவிட்டார். "கனம் நீதிபதி அவர்களே, இறந்தவர் சப்பாத்து போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார், காலால் அழுத்தியிருக்க முடியாது. அந்த அறையில் தடியும் இல்லை. பொலிஸ் எடுத்த படங்களில் ஒரு ஈர்க்கில்கூட இல்லை. தன்னுடைய குசினி அகப்பை இறந்தவரின் காலடியில் கிடந்தது என்று எதிரி முதல் நாளிலிருந்து சொல்கிறார். தண்ணீர் எடுக்க ஓடிப்போய் வந்து பார்த்தால் அது இல்லையாம். இல்லாத அகப்பையை நாங்கள் எப்படி நம்புவது?"

ஜெஸீமா கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி, "இருந்திச்சி" என்றாள். சத்தமே வரவில்லை. உதடு அசைந்ததைத்தான் முனவ்வறா கண்டாள்.

முத்தலிப்பின் தஸ்பீஹ் நின்றிருந்தது.

*

பகல் இடைவேளைக்கு நீதிமன்றம் கலைந்தது. முனவ்வறா முகம் கழுவிவிட்டு றிப்காவைத் தேடினாள். வளவின் மூலையில், மறியல் வண்டிக்குப் பக்கத்தில், மர நிழலில் நின்றாள் றிப்கா. பெண் காவலாளி ஒருத்தி சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். றிப்காவின் இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

யாருடைய குழந்தை என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. நெற்றியில் மயிர் சுழி விழுந்திருந்த விதம் இப்றாஹிமுடையது. காது இப்றாஹிமுடையது. மறியலில் பிறந்து தாயோடு மறியலிலேயே வளர்கிற பிள்ளை.

றிப்கா பணிஸைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். "சஹ்மா, வாயத் துற. இன்னும் கொஞ்சம்."

முனவ்வறா கிட்டப் போனாள்.

"என்ன செல்லிக் கூப்பிட்ட நீ?"

றிப்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். "உம்மா..."

"என்ன பேர் செல்லிக் கூப்பிட்ட எண்டு கேக்கன்."

"அதான் அவட பேர். சஹ்மா."

"யாரு வெச்ச?"

"சாச்சி."

"சாச்சியா?" முனவ்வறாவின் குரல் கிளம்பியது. காவலாளி நிமிர்ந்து பார்த்தாள். "அவள் ஒனக்கு சாச்சியா, சின்ன உம்மாவா? எத்தின நாளா நடக்குது இது?"

"போன வருசத்துல இருந்து. கோட்டுத் தவணைக்குத் தவணை வந்து பாத்துட்டுப் போவன்."

"தையல் வகுப்பு எண்டு செல்லிட்டு!"

"செல்லியிருந்தா உட்டிரிப்பிங்களா?"

குழந்தை பயந்து றிப்காவின் தோளில் முகத்தைப் புதைத்தது. றிப்கா அதன் முதுகைத் தட்டினாள். அப்படித் தட்டுகிற விதம்கூட முனவ்வறாவுக்குப் பழக்கமானது. முன்பு தன்னுடைய தங்கச்சியை அவள் தட்டிய விதம்.

"என்ட புருசன எடுத்தாள்" என்றாள் முனவ்வறா. "என்ட மவுத்தாப்போன புள்ளட பேர எடுத்தாள். இப்ப ஒன்னையும் எடுத்துட்டாள். இன்னும் என்ன மிச்சம் வேணுமாம் அவளுக்கு?"

"வாப்பாதான் செல்லி வெச்சிரிக்காரு உம்மா. பொம்புளப் புள்ள எண்டா இந்தப் பேர் எண்டு. சாச்சி அவர்ட செல்லக் காப்பாத்தியிரிக்கா, அவ்வளவுதான்."

"எனக்கிட்டச் செல்லல்லையே அவரு!"

றிப்கா குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "எனக்கு இவ தங்கச்சி உம்மா. ஒரு தங்கச்சியக் கடல் கொண்டு போன. மத்தவ மறியல்ல வளருறா. சாச்சிய ஆயுசுக்கும் உள்ள போட்டா இவளுக்கு யாரு?"

முனவ்வறா திரும்பி நடந்தாள். விறாந்தைக்கு வந்து வாங்கில் உட்கார்ந்தாள்.

எல்லாம் போயிற்று. புருசன், பேர், மகள். இனி அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒன்று மட்டும்தான்.

இப்றாஹிம் மவுத்தாவதற்கு நாலு மாதம் முந்தி, ஒரு பின்னேரம். அயல் வீட்டு மௌலூது ஓதலுக்குப் போன முனவ்வறா, மழைக்கறுப்பைக் கண்டு, கொடியில் கிடந்த நெல்லுப் பாயை எடுக்கப் பாதியில் திரும்பி வந்தாள். அறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். நிலத்தில் உட்கார்ந்திருந்தார் இப்றாஹிம். முதுகு அலுமாரியில், துவக்கின் பிடி எதிர்ச் சுவரில், குழல் வாய் நெஞ்சில். கை எட்டாதபடியால் றிப்காவின் பள்ளிக்கூட அடிமட்டத்தைக் கையில் பிடித்து, அதன் நுனியால் விசையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் கத்தவில்லை. காலால் ஒரு உதை விட்டாள். துவக்கு சரிந்து கட்டிலுக்குக் கீழே போனது.

பிறகு அவர் அவளுடைய மடியில் விழுந்து அழுதார். சுனாமிக்குப் பிறகு அன்றுதான் அழுதார். "கை வழுக்கிட்டு முனவ்வறா. நான் கைய உடல்ல. அல்லாஹ்வுக்குத் தெரியும், நான் உடல்ல. சஹ்மாட கை வழுக்கிட்டு." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியது தானென்று அதுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. முனவ்வறாவிடமும் சொன்னதில்லை. மழை விடும்வரை அவருடைய தலை அவளுடைய மடியிலேயே கிடந்தது.

"யாருக்கும் செல்லிராத" என்று ஆணை வாங்கினார். "மருதமுனையிலும் தெரியக்கூடா."

மருதமுனையிலும் தெரியக்கூடாது. அந்தச் சொல்லைத்தான் முனவ்வறா இத்தனை காலமும் நெஞ்சுக்குள் வைத்து வளர்த்தாள். இப்றாஹிமின் சிரிப்பு இரண்டு வீட்டுக்கும் பங்கு. உடுப்பு, சாப்பாடு, பெருநாள் எல்லாம் பங்கு. அந்தப் பின்னேரம் மட்டும் பங்கில்லை. அதைப் போய்க் கோட்டில் சொன்னால் ஜெஸீமா கேட்பாள். கேட்டு, அதையும் தனக்கென்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

செல்லமாட்டன், என்று முனவ்வறா தனக்குள் உறுதியாகச் சொல்லிக்கொண்டாள்.

*

இரண்டு மணிக்கு அவளைக் கூப்பிட்டார்கள்.

அரச சட்டத்தரணியின் கேள்விகள் சுலபமாக இருந்தன. "உங்கள் கணவர் மனக்குழப்பத்தில் இருந்தாரா?"

"இல்ல. நல்லாத்தான் இருந்தாரு."

"உயிரை மாய்த்துக்கொள்ளக்கூடியவரா?"

"தொழுகை தவறாத மனிசன்."

முத்தலிப் சொல்லிக்கொடுத்த மாதிரியே முடிந்தது. அரச சட்டத்தரணி திருப்தியோடு உட்கார்ந்தார். கனகசிங்கம் எழும்பி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, நீங்க அவரோட எத்தனை வருசம் குடும்பம் நடத்தினீங்க?"

"பதினெட்டு வருசம்."

"எதிரி?"

"ரெண்டு வருசம்கூட வராது."

"உங்கட மகள் சுனாமியில இறந்ததப் பத்தி அவர் உங்களோட கதைச்சவரா?"

முனவ்வறா கண்ணைத் தாழ்த்தினாள்.

"கதைக்கல்ல. சரி. நான் சொல்றன், பிழை எண்டாத் திருத்துங்க." கனகசிங்கத்தின் குரல் தணிந்துதான் இருந்தது. "பதினெட்டு வருசம் ஒரே கூரைக்குக் கீழ இருந்தும் உங்களுக்கு அந்த மனிசன்ட மனசு தெரியாது. அவருக்குள்ள என்ன துக்கம் இருந்தது எண்டு தெரியாது. தெரிஞ்சிருந்தா இந்த மூணரை வருசத்தில ஒரு வார்த்தையாவது பொலிசுக்குச் சொல்லியிருப்பீங்க. அவர் மனசு விட்டுக் கதைச்ச ஒரே ஆள் இந்தா கூண்டுல நிக்கிற எதிரி. அவரைத் தெரிஞ்ச ஒரே பொஞ்சாதி எதிரிதான். சரிதானே அம்மா?"

முனவ்வறா எதிரிக் கூண்டுப் பக்கம் பார்த்தாள். ஜெஸீமா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்த கழுத்து. 'ஓம், நான்தான்' என்று அந்தக் கழுத்து சொல்வது போலிருந்தது.

"பொய்!"

அந்தச் சத்தத்தில் எழுத்துக்காரரின் பேனை நின்றது.

"அவளுக்கு ஒண்டும் தெரியா. ஒண்டும்!" முனவ்வறாவின் கை சாட்சிக் கூண்டுச் சட்டத்தில் அடித்தது. "எனக்கிட்டத்தான் அழுத அவரு. என்ட மடியிலதான் அழுத. புள்ளட கை வழுக்கிட்டு எண்டு எனக்கிட்டத்தான் செல்லின. அவளுக்குச் செல்லல்ல. செல்ல வேணாம் எண்டு எனக்கிட்ட ஆணை வாங்கின. என்ட ஊட்டுலதான் முதல்ல துவக்க நெஞ்சில வெச்ச, அவள்ட ஊட்டுல இல்ல!"

தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது முனவ்வறாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைச் சாறித் தலைப்பால் பொத்தினாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

நீதிபதி முன்னுக்குச் சாய்ந்தார். "அம்மா, ஆறுதலாகச் சொல்லுங்கள். எப்போது? எப்படி?"

அவள் சொன்னாள். பாய், மழைக்கறுப்பு, அலுமாரி, சுவர், அடிமட்டம். அடிமட்டம் என்றபோது சனத்துக்குள் உட்கார்ந்திருந்த றிப்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"கை எட்டவில்லையா?"

"எட்டல்ல. அதுக்குத்தான் அடிமட்டம்."

அரச சட்டத்தரணி விடவில்லை. "கொஞ்சத்துக்கு முந்தி, நல்லாத்தான் இருந்தார் என்று சொன்னீர்கள். மூன்றரை வருசமாக இதை ஏன் மறைத்தீர்கள்?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது."

"ஒரு பெண் கொலைக் குற்றத்துக்கு மறியலில் இருக்கிறாள் என்று தெரிந்துமா?"

"ஓம்" என்றாள் முனவ்வறா. "தெரிஞ்சுதான்."

நீதிபதி நெடுநேரம் எழுதினார். பிறகு இரண்டு சட்டத்தரணிகளையும் பார்த்தார். "இவர் சொல்வது உண்மையானால், இறந்தவருக்கு ஒரு தடியைப் பாவிக்கத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அன்றைக்குக் கிடந்ததாகச் சொல்லப்படும் அகப்பை எங்கே போனது? அறைக்குள் முதலில் போன சாட்சி நாளை காலை ஒன்பது மணிக்கு இங்கே இருக்க வேண்டும்."

யன்னலுக்கு வெளியே முத்தலிப் இருந்த வாங்கு வெறுமையாக இருந்தது.

*

விறாந்தையில் ஜெஸீமாவை மறியல் வண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். முனவ்வறா ஒதுங்கி நின்றாள். கிட்ட வந்ததும் ஜெஸீமா நின்றுவிட்டாள். காவலாளி கையைப் பிடித்து இழுக்கவில்லை.

நன்றி சொல்லுவாள், அழுவாள், காலில் விழுவாள் என்று முனவ்வறா நினைத்தாள். வந்தால் என்ன சொல்லி விலக்குவது என்றுகூட மனதுக்குள் எடுத்து வைத்திருந்தாள்.

ஜெஸீமாவின் கண்ணில் நன்றி இல்லை.

"ஒங்களுக்கிட்ட அழுதிரிக்காரு" என்றாள். "எனக்கிட்ட ஒரு நாளும் அழல்ல ராத்தா. ஒரு நாளும். புள்ளையப் பத்திக் கேட்டா எழும்பி வெளிய போயிருவாரு. அண்டைக்கும் அதாலதான் சண்ட. அங்க போனா மட்டும் மனிசனாட்டம் வாறிங்க, இஞ்ச கட்டையாட்டம் கிடக்கிங்க எண்டு நான்தான் ஏசின."

முனவ்வறாவுக்கு அந்தப் பார்வை தெரிந்தது. ஐந்து வருசமாகக் கண்ணாடியில் தினமும் கண்ட பார்வை அது.

எடுத்து வைத்திருந்த சொல் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "புள்ளைக்குப் பணிஸ் குடுத்த, சோறு தின்னல்ல" என்றாள் கடைசியில். "பாத்துக் குடு."

*

முத்தலிப்பின் ஆட்டோவைக் காணவில்லை. தாயும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். சாய்ந்தமருதில் இறங்கும்போது றிப்கா உம்மாவின் கையைப் பிடித்தாள்.

அஸர் தொழுகை முடிந்து சனம் பள்ளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. வீட்டு விறாந்தையில் முத்தலிப் உட்கார்ந்திருந்தார்.

"தம்பிய ஊர் முன்னுக்கு நிறுத்திட்டாய்" என்றார். கோபமாகச் சொல்ல நினைத்துத் தொடங்கியவர், பாதியில் குரல் உடைந்துபோனார். "அத நினைச்சித்தான் நான் எடுத்தன்."

முனவ்வறா படியிலேயே நின்றாள். "என்னத்த எடுத்த?"

"அவள் தண்ணிக்கு ஓடினாள். நான் உள்ள போனன். அகப்பை கிடந்திச்சி. கண்ட உடனே வெளங்கிட்டு. உசிர மாய்ச்ச மையத்துக்கு ஜனாஸாத் தொழுவிக்க ஆள் வரமாட்டானுகள் எண்டு நினைச்சன். இடுப்புச் சாரனுக்குள்ள சொருகிட்டன். துவக்கு தவறி வெடிச்ச எண்டு எல்லாரும் நினைப்பாங்க, அதோட முடிஞ்சிரும் எண்டுதான்... பொலிஸ் அவளப் புடிக்கும் எண்டு நான் நினைக்கவேயில்ல முனவ்வறா."

"புடிச்ச பொறகு செல்லியிரிக்கலாமே பெரிய வாப்பா" என்றாள் றிப்கா. "வயித்துல புள்ளயோட இருந்த மனிசி."

"நாளைக்குச் செல்லுவம், நாளைக்குச் செல்லுவம் எண்டு மூணரை வருசம் போயிட்டு மகள்."

"எங்க அது இப்ப?" முனவ்வறா கேட்டாள்.

முத்தலிப் தஸ்பீஹ் மணியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"எங்க மச்சான்? எரிச்சிட்டிங்களா?"

"எரிக்க எங்க நேரம்? ரெண்டு நாளும் ஊடு முழுக்கப் பொலிஸ். அடக்கைக்குள்ள கபுறுக் குழிக்குள்ள இறங்கின நான்தானே." அவர் கையைத் தாழ்த்திக் காட்டினார். "கால்மாட்டுல, மண்ணுக்குள்ள வெச்சி மூடிட்டன்."

றிப்கா "யா அல்லாஹ்" என்று சுவரில் சாய்ந்தாள்.

"நாளைக்கு நான் கூண்டுல ஏறி இதச் செல்லிட்டா கபுறத் தோண்டுவாங்க" என்றார் முத்தலிப். "செல்லாட்டி, நீ பொறாமையில தடுமாறிச் சென்னாய் எண்டு விட்டுருவாங்க. நான் என்ன செய்யட்டும்? நீதான் அவர்ட பொஞ்சாதி. நீ செல்லு."

புருசன் மவுத்தான துக்கக் காலமான இத்தாவில் இருந்தபடியால், மையத்து வீட்டைவிட்டுப் போனபிறகு அவளால் ஒன்றும் செய்ய முடிந்திருக்கவில்லை. கபுறடிக்கு அவள் போனதில்லை. இந்த வீட்டிலிருந்து ஒரு நூல்கூட அவரோடு போகவில்லை. அங்கே, கடற்கரை மண்ணுக்குள், அவருடைய காலடியில், மூன்றரை வருசமாக ஜெஸீமாவின் குசினி அகப்பை.

"தோண்டட்டும்" என்றாள்.

"முனவ்வறா!"

"தோண்டி எடுக்கட்டும் மச்சான். அவள்ட சாமான அவளுக்கிட்டக் குடுக்கட்டும். அவரோட கிடக்கத் தேவையில்ல."

முத்தலிப் எழும்பினார். செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு படலையைத் திறந்தார்.

றிப்கா படலைவரை ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். வெயில் தணிந்து, ரோட்டில் ஆள் குறைந்திருந்தது. அவர் ஆட்டோவில் ஏறவில்லை. பள்ளிப் பக்கமும் திரும்பவில்லை.

"உம்மா" என்றாள் றிப்கா. "பெரிய வாப்பா மையவாடிப் பக்கம், கபுறடிக்குப் போறாரு. படலையடியில கிடந்த எங்கட மம்பட்டியையும் எடுத்துட்டுப் போறாரு."